உன் கைக்கு எட்டும் உயரத்தில்

என் பாட்டுக்கார அக்காவுக்கு,

நான் வரைந்த கங்கைகொண்டான் விடுதிக்குப் பெண்கள் குடிவந்துவிட்டார்கள், அக்கா. படுக்கையிலிருந்து தையல் கூடம் வரை சக்கர நாற்காலியிலேயே போகலாம், வழியில் ஒரு படி கிடையாது. தையல் மேசையும் நீ உன் நாற்காலியில் உட்கார்ந்து அளந்து சொன்ன உயரம்தான். அதைப் பார்க்க நீ இல்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

வரைபடத்தை உன் மடியில் விரித்த அன்று எனக்கு எவ்வளவு பெருமை! சரிவுப்பாதை, கைப்பிடிக் கம்பி, அகலமான கதவு என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். நீ குளியலறை மேல் விரலை வைத்தாய்.

"உள்தாழ்ப்பாள் எங்கலே?"

"வைக்கலக்கா. உள்ள விழுந்துட்டா யாரு கதவ ஒடைக்கது?"

"அப்போ அந்தப் பிள்ளைகளும் என்னய மாதிரி பாடணும், என்ன?"

நான் சிரித்தேன், மடையன். நீ சிரிக்கவில்லை.

"ஆசையிலயா பாடுதேன்னு நெனச்ச? உள்ள ஆள் இருக்குன்னு தெரியணும்லா. பாட்டு நின்னா கதவத் தள்ளிக்கிட்டு வந்திருவீய."

நீ ஒருமுறை வழுக்கி விழுந்ததும் நம் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றியவன் நான்தானே. அன்றிலிருந்து குளிக்கும்போதெல்லாம் கீர்த்தனை பாடினாய். கோயிலில்கூட உன் குரலைப் புகழ்ந்தார்கள், அம்மா பூரித்துப்போவாள். காய்ச்சலில் தொண்டை கட்டிய நாளிலும் பாடினாயே, அதையாவது நான் யோசித்திருக்க வேண்டாமா?

மறுநாளே விடுதி வரைபடத்தைத் திருத்தினேன். நாற்காலியில் இருந்தபடியே எட்டும் தாழ்ப்பாள். ஆபத்து என்றால் வெளியிலிருந்தும் திறக்கலாம். நம் வீட்டுக்கும் ஒன்று வாங்கினேன். "சனிக்கிழமை போட்டிருதேங்கா" என்றேன். எத்தனை சனிக்கிழமை போனது! விடுதி வேலை, விடுதி வேலை என்றே ஓடினேன். தாழ்ப்பாள் ஸ்கூட்டர் பெட்டியிலேயே கிடந்தது. உனக்கு மூச்சு முட்டி, கடைசியாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன அன்று காலையிலும் நீ பாடிக்கொண்டுதான் குளித்தாய். ஒரு மன்னிப்பாவது கேட்டேனா, பாவி?

விடுதியில் முதல் நாள் காலை, ராதாபுரத்துப் பெண் ஒருத்தி நாற்காலியை உருட்டிக் குளியலறைக்குள் போனாள். தாழிட்டாள், திறந்தாள், மறுபடி தாழிட்டாள்.

"சார், நெசமாவே பூட்டுது!" என்று உள்ளேயிருந்து கத்தினாள்.

நான் நகர்ந்து தையல் கூடத்துக்கு வந்துவிட்டேன். தூரத்தில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் பாடவில்லை. அடுத்துப் போனவளும் பாடவில்லை. அந்தத் தையல் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன், அக்கா.

நாளை சனிக்கிழமை. நம் வீட்டுக் கதவில் அந்தத் தாழ்ப்பாளைப் போடப்போகிறேன். "இனி யாருக்குலே?" என்று அம்மா கேட்கிறாள். உன் கைக்கு எட்டும் உயரத்தில்தான் போடுவேன். இனி நான் வரையும் எந்தக் கட்டடத்திலும், உள்ளே இருப்பவரைக் கேட்காமல் யாரும் கதவைத் தள்ள முடியாது. இது சத்தியம்.

நீ இனிமேல் ஆசைக்கு மட்டும் பாடு.

உன் தாழ்ப்பாளைக் கழற்றிய தம்பி,
ஜெபா