கிராணி வீட்டு நலங்கில் நான் பாடிய ஏசல்

என் பாட்டுக்கார அண்ணனுக்கு,

உன்னைக் கொண்டுபோனவர்கள் உன் சட்டையை மட்டும்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அதை நான் இன்னும் துவைக்கவில்லை. அம்மா பேச்சையே குறைத்துக்கொண்டாள். எனக்குத்தான் வாய் ஓயவில்லை.

ஜப்பான்காரன் தினமும் காலையில் நம்மைக் கிழக்கே பார்த்து நிற்க வைத்து, தன் சக்கரவர்த்தியை வாழ்த்திப் பாட வைக்கிற பாட்டுக்கு நீ தமிழில் வரி கட்டினாய். "கிழக்கே பாத்துக் கும்பிட்டேன், கிழங்குதான் கெடச்சுது." அரிசியைக் கண்ணில் காணாத நம் காஜா பேராங் ஊர்ச் சனம் அதைப் பாடியாவது சிரித்தது. எல்லாரையும்விட அதிகம் சிரித்தவன், ஜப்பான்காரனிடம் குமாஸ்தாவாக இருந்து மொழிபெயர்க்கும் கிராணி மாணிக்கம். மறுநாள் அவனே அவர்களுக்கு நம் வீட்டைக் காட்டிக் கொடுத்தான். அவன் வீட்டில் உப்பு இல்லாதபோது நாம்தானே கொடுத்தோம்?

இப்போது சேதி கேள். அவன் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. பக்கத்து ஊர் செமாபோக்கிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் நலங்கில் ஏசல் பாட என்னைக் கூப்பிட்டார்கள். சம்பந்தியைக் கேலியாக ஏசுவது முறை. அவர் கோபப்படக்கூடாது என்பதும் முறை. கிராணி பெருமைக்காக ஒரு ஜப்பான் அதிகாரியை வேறு நடுவில் உட்கார வைத்திருந்தான்.

நான் அந்தக் காலைப் பாட்டின் மெட்டையே எடுத்தேன்.

"சிரிக்கச் சிரிக்கக் கேட்டாரு சம்பந்தி,
பாடுனவனப் புடிச்சுக் குடுத்தாரு சம்பந்தி."

மெட்டு காதில் விழுந்ததும் அதிகாரி விறைப்பாக எழுந்து நின்றான். அவன் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டுமே. கிராணியும் நின்றான், கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, கடைசி வரி வரைக்கும். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதிகாரி கிராணியிடம் ஏதோ கேட்டான். அவன் சொன்ன பதிலுக்கு அதிகாரி எனக்குக் கை தட்டினான்.

மறுநாள் கிராணி நம் வாசலில் வந்து நின்றான்.

"சக்கரவர்த்திய வாழ்த்துற பாட்டுன்னு சொல்லிட்டேம்மா. நான் பொய் சொன்னது தெரிஞ்சா என் தல போயிடும். இனிமே அதப் பாடாத."

"எங்கண்ணனுக்குத் தல இல்லியா?" என்று கேட்டேன். தெருவை இருபுறமும் பார்த்துவிட்டு நடையைக் கட்டினான்.

இப்போது என்னை எங்கே பார்த்தாலும் வேறு சந்தில் திரும்பிவிடுகிறான். என்னைக் காட்டிக் கொடுக்கவும் அவனால் முடியாது. ஆத்திரம் தீர்ந்ததா என்கிறாயா? எப்படித் தீரும்?

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அவன் மகளுக்குப் பிள்ளை பிறந்து தொட்டில் போடும் அன்று, கூப்பிடாவிட்டாலும் போவேன். தாத்தா செய்ததை அந்தப் பிள்ளை என் தாலாட்டில்தான் முதலில் கேட்கும்.

உன் கூடப் பிறந்தவள்,
செல்லம்மா