நிற்கச் சொன்னேன், வசந்தா

ஏ புள்ள வசந்தா, என் தங்கமே,

நம் வீட்டு விஷயத்தை ஊருக்கே கேட்கிற மாதிரி எழுதுகிறேன் என்று கோபிக்காதே. நாலு பேர் படிக்கட்டும். எனக்கும் தனியாகப் புலம்பி அலுத்துவிட்டது.

ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிய நெல்லை நீடாமங்கலம் ரோட்டில் காயப்போட்டு, நீ காலால் துழாவிக்கொண்டிருந்தாய். நான் சாக்கு எடுக்க வீட்டுக்கு வந்திருந்தேன். நெல்லில் பதிந்த டயர் தடத்தைப் பார்த்து, உன்னை இடித்தது வேன் என்றார்கள்; எந்த வேன் என்று இன்றுவரை தெரியாது. கொளுத்துகிற வெயிலில் ரோட்டில் ஒரு ஈ காக்கா இல்லை. "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா காப்பாத்தியிருக்கலாங்க" என்றார் தஞ்சாவூர் டாக்டர். அந்த வேன்காரன் நின்றிருந்தால் நீ இருந்திருப்பாய். அவ்வளவுதான் விஷயம்.

இடித்துவிட்டுப் போலீசுக்கும் சொல்லாமல் ஓடினால் பத்து வருஷம் வரை ஜெயில் என்று புதுச் சட்டத்தில் எழுதினார்கள். டிரைவர்கள் வண்டியை ஓட்டாமல் போராட்டம் செய்தார்கள். அந்தப் பிரிவை மட்டும் அமலுக்குக் கொண்டுவராமல் நிறுத்திவைத்தார்கள். அதைக் கொண்டுவரச் சொல்லி நான் கலெக்டர் ஆபீசில் மனு மேல் மனு கொடுத்தேன். "இது டெல்லி விவகாரம் பெரியவரே, இங்க குடுத்தா என்ன ஆவும்?" என்று கேட்டுக்கொண்டேதான் வாங்கினார்கள். செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

வீட்டிலும் சண்டைதான். நம் கதிர் இப்போது குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறானே, அவன் டிரைவர்கள் பக்கம். "நிக்கிறவன அடிச்சே கொன்னுடுவாங்கப்பா. மொதல்ல அதுக்கு ஒரு வழி பண்ணச் சொல்லுங்க" என்பான். "உங்கம்மாவ விட்டுட்டு ஓடினானே, அவனுக்கா பரிஞ்சு பேசுற?" என்று கத்துவேன். அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவான்.

போன மாசம் சுவாமிமலையில் லோடு இறக்கிவிட்டு வரும்போது, கும்பகோணம் தாண்டி, புல்லுக்கட்டோடு சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் மேல் வண்டி இடித்துவிட்டது. எனக்குப் போன் செய்தான். குரலே அவன் குரலாக இல்லை.

"அப்பா, ரத்தமா கொட்டுது. வண்டிய விட்டுட்டு ஓடுடா, ஸ்டேஷன்ல நான் பேசிக்கிறேன்னு ஓனர் சொல்றாரு. சனங்க ஓடி வர்றாங்கப்பா. என்ன செய்யட்டும்?"

இத்தனை மனு கொடுத்தவன்தான், வசந்தா. ஆனாலும் பெற்றவன்தானே நான்? ஓடிடுடா என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவனை என் கையில் கொடுத்துவிட்டுப் போனவள் நீ. நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

"நில்லு. ஆம்புலன்சுக்குச் சொல்லு. அவர விட்டு நகராத" என்றேன்.

"அடிப்பாங்கப்பா."

"பொறுத்துக்கடா சாமி. நான் வந்துட்டே இருக்கேன்."

போன் கட்டாகிவிட்டது. ஆம்புலன்ஸ் கும்பகோணம் ஆஸ்பத்திரிக்குத்தான் போகும் என்று பஸ் ஏறினேன். கும்பகோணம் போய்ச் சேரும்வரை பஸ்சில் எனக்கு உயிரே இல்லை. பிள்ளையை நானே பலிகொடுத்துவிட்டேனோ? உன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஆஸ்பத்திரியில் இரண்டு பேரும் இருந்தார்கள். பெரியவருக்குக் காலில் கட்டு; உயிருக்கு ஆபத்தில்லை, நேரத்துக்குக் கொண்டு வந்துவிட்டார்கள் என்றார்கள். நம் பிள்ளைக்கு உதடு கிழிந்து, முன்பல் போய், தோள்பட்டையில் எலும்பு விரிசல். கேஸ் போட்டிருக்கிறார்கள், லைசென்சை வாங்கிக்கொண்டார்கள். ஓனர் வேறு டிரைவரைப் போட்டுவிட்டார். உன் அண்ணன் வந்து, "பெத்த புள்ளையப் புடிச்சுக் குடுத்த மகராசன்" என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கதிரும் என்னோடு பேசவில்லை. உப்பு பத்தவில்லை என்றுகூடச் சொல்வதில்லை. ஆக்குவது நான், பத்தவா போகிறது?

நேற்று அவனுக்குச் சட்டை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "அடிக்கிறப்ப அந்தப் பெரியவரு என் கைய விடவே இல்லப்பா. 'அடிக்காதீங்கடா பாவிங்களா, ஓடாம நிக்கிறான்டா இவன்'னு கத்துனாரு. அந்த நெலமையில கத்துனாரு."

என் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். பிறகு, "அம்மாகிட்ட யாருமே இல்லல்லப்பா?" என்றான். நீ போனபோதுகூட அழாத பிள்ளை, அப்படி அழுதான். நானும்தான்.

ஓய்ந்து போய்விட்டேன், வசந்தா. ஆனாலும் அடுத்த திங்கட்கிழமை மறுபடி மனு கொடுக்கப் போகிறேன். ஓடுகிறவனுக்குத் தண்டனை கொடுங்கள் என்று மட்டும் இல்லை. நிற்கிறவன் மேல் யாரும் கை வைக்காமல் பாருங்கள் என்பதையும் சேர்த்து எழுதுவேன். அதைச் சொல்லச் சொன்னவன் நம் பிள்ளை. வாய்தா எத்தனை வந்தாலும் கோர்ட் வாசலில் அவன் பக்கத்தில் நான் இருப்பேன். அவனைத் தனியாக விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் கதிரோட அப்பா