செவ்வாய்க்கிழமை கழுவிய டிரம்கள்

தாராவி,
ஞாயிறு.

குவைத்தில் இருக்கும் அன்பு மகன் சுரேந்திரனுக்கு,

அப்பா ஆறுமுகநயினார் சொல்லச் சொல்ல, உனக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்த பேகம் டீச்சர் எழுதும் கடிதம். நானும் அம்மாவும் சுகம். அங்கே வெயில் எப்படி, தலைவலி விட்டதா என்று அம்மா கேட்கச் சொல்கிறாள். லீவு முடிந்து வெள்ளிக்கிழமை விமானம் ஏறும் நாகூர் கனியிடம் இதையும் எள்ளுப்பொடி டப்பாவையும் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்பாய். மூன்று வருஷமாகச் சொல்லப் பார்க்கிறேன். நான் தொண்டையைச் செருமினாலே, டூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறாய்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போவதை விட்டுவிட்டாள். ஆனாலும் மீன் வாங்கினால் வால் துண்டை உனக்கென்று தனியே எடுத்து வைக்கிறாள். மறுநாள் நான்தான் தின்கிறேன்.

ஷெட் நடக்கிறது. எண்ணெய் டிரம், சோப்பு டிரம் மட்டும்தான் கழுவி விற்கிறேன். பூச்சி மருந்து டிரம்மை நீ குவைத்துக்குப் போன மாசமே நிறுத்திவிட்டேன். ஆமாம், மருந்து டிரம் நம் ஷெட்டில் இருந்தது. இதைச் சொன்னதும் டீச்சர் பேனாவை நிறுத்தி, இது கடுதாசியா வாக்குமூலமா என்று கேட்டார். இரண்டும்தான், எழுதுங்கள் என்றேன்.

நம் நாலாவின் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் அந்தச் சின்ன பிளாண்டில் உனக்கு வேலை கிடைத்தபோது நீதான் எனக்கு விளக்கினாய். தொட்டியில் இருக்கும் கிருமி அழுக்கைத் தின்னும், பூச்சி மருந்தைத் தொடாது. அதைப் பிடித்து வைக்கத்தான் கடைசியில் சிரட்டைக் கரித் தொட்டி, கரி ஒரு வருஷம் தாங்கும் என்றாய். சுதந்திர தினத்துக்கு நிரப்பிய கரி தீபாவளிக்குள் செத்தது. நீ நல்ல கரியை வெளியே விற்றுவிட்டுப் பழசைக் கொட்டினாய் என்று பழி போட்டு வேலையை விட்டு அனுப்பினார்கள்.

அதற்கு முந்தின நாள் நீ ஷெட்டுக்கு வந்தாய். மூடிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாய்.

"யப்பா, மருந்து டிரம் கழுவுத தண்ணிய நாலாவுலயா ஊத்துதிய?" என்று கேட்டாய்.

"நம்ம ஷெட்டுல மருந்து டிரம்மே கிடையாதுல" என்றேன்.

நீ என் கையைப் பார்த்தாய். தோல் உரிந்து கிடந்தது. கையில் இருந்த மூடியைத் திரும்ப வைத்துவிட்டு வெளியே போனாய். இரண்டே மாதத்தில் குவைத்துக்குப் போய்விட்டாய். ஷெட்டுக்குப் பூட்டு விழுமே என்ற பயம் அன்றைக்கு என் கண்ணை மறைத்தது.

போன மாதம் டீக்கடையில், பிளாண்டு டெம்போ ஓட்டும் அல்தாப் பேச்செடுத்தான். சுரேந்தர் போன பிறகு கரி வருஷம் முழுக்கத் தாங்குகிறது சாச்சா, திருட ஆளில்லை என்று இந்தியில் சொல்லிச் சிரித்தான். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். நான் தப்பை நிறுத்தினேன், அதுவே உன்னைத் திருடன் என்று ஊருக்கு நிரூபித்திருக்கிறது.

மறுநாளே பிளாண்டுக்குப் போய் எஞ்சினியர் ஜகந்நாதனைப் பார்த்தேன். அவர் நம்பவில்லை. மகனைக் காப்பாற்ற வந்திருக்கிறீர், எழுதி வைத்த கணக்கு ஏதும் உண்டா என்றார். எழுதத் தெரிந்தால் அல்லவா? வாயால் சொன்னேன். திங்கட்கிழமை மருந்து டிரம் டெம்போவில் வந்து இறங்கும், செவ்வாய்க்கிழமை கழுவுவேன். கணபதி கரைப்புக்கு முந்தின செவ்வாய் பதினொரு டிரம், பச்சை மூடி, பருத்தி மருந்து. தசராவுக்கு அடுத்த செவ்வாய் ஏழு. ஒன்றில் அடியில் கசடு, இரண்டு தரம் அலசினேன். பத்து செவ்வாயும் சொன்னேன்.

அவர் பழைய ரிஜிஸ்டரை எடுத்து வரச் சொன்னார். தண்ணீரில் எவ்வளவு மருந்து என்று விக்ரோலி லேபில் இருந்து வந்த அளவுகளை நீ எழுதி வைத்தது. ஒவ்வொரு செவ்வாய்க்கும் அடுத்த புதனில் சிவப்பு மையில் பெரிய எண். ஒன்பது ஒத்துப்போயிற்று, பத்தாவது புதன் லீவு, தண்ணீர் எடுக்கவில்லை. எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் ஏழுக்கு நடுவே நீ கோடு இழுப்பது தெரியும். அதை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

அப்போதுதான் உறைத்தது. இந்தத் தாளை நீட்டியிருந்தால் உன் மேல் பழியே வந்திருக்காது. நீ நீட்டவில்லை. நீட்டினால் மருந்து எங்கிருந்து வருகிறது என்று நாலா வழியே தேடி வருவார்கள், அது என் ஷெட்டில்தான் வந்து நிற்கும்.

நான் சொன்னதை எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். உன் மேல் தவறில்லை என்று அவர் கொடுத்த கடிதத்தின் நகல் இதோடு இருக்கிறது. ஷெட்டுக்கு நோட்டீஸ் வருமாம். வரட்டும்.

உன் அம்மாவுக்கும் எல்லாம் இப்போதுதான் தெரியும். கேட்டுக்கொண்டே இருந்தவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். ஒரு பாத்திரத்தையே கழுவிக்கொண்டிருக்கிறாள்.

வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. நீ இருக்கும் இடத்தில் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது, கண்ணும் கையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் மூன்று வருஷமாக, சாப்பிட்டாச்சா என்று கேட்கிறாய். யாரிடம் கேட்கிறாய் என்று சொல்வதில்லை. அடுத்த தடவை யப்பா என்று ஒரு தரம் கூப்பிட்டுவிட்டு, அப்புறம் திட்டு. எவ்வளவு நேரம் திட்டினாலும் நான் போனை வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஆறுமுகநயினார்
(இடது பெருவிரல் ரேகை)