எழுமதகு நாட்டுத் தீயரண் எழாதது குறித்து நீலமங்கைப் பிராட்டியாருக்கு

"அறு அந்தக் கம்பியை! அறுத்துப் போடுன்னு சொல்றேன்ல..."

"அறுத்துட்டு மதகை எதால தூக்குவீங்க தளவாயரே, உங்க மீசையாலயா? கையை எடுங்க..."

"மீசை வரைக்கும் வந்தாச்சா? தின்ன வீட்டுக்கு இல்லாம பிறந்த ஊருக்கு வேலை பாக்குறவ நீ..."

"எடுங்கன்னு சொல்றேன், பலகை உடையுது!"

என்று ஒருவர் சொல் முடியுமுன் மற்றவர் சொல் ஏறி, கணிப்பொறி மண்டபத்து வாயிற்காவலர் உள்ளே போவதா வெளியே நிற்பதா என்று விழித்து நின்ற கார்த்திகை ஒன்பதாம் நாள் முற்பகலில், அப்பூசல் அடங்குமுன்னே எழுதத் தொடங்கிய திருமுகம் இது.

ஆயிரங்கண் ஏரியின் கரையைத் தன் மேனியெனக் காப்பவரும், ஏழு மதகின் நீரையும் எளியவன் வயலுக்கும் வலியவன் வயலுக்கும் ஒரே அளவில் பகிர்ந்தவரும், எழுமதகு நாடுடைய தலைவியுமாகிய நீலமங்கைப் பிராட்டியார், தம் தந்தையாரின் நீர்க்கடன் முடிக்க எழுந்தருளியிருக்கும் வெண்குன்ற நாட்டு அரண்மனைக்கு, இலச்சினைப் பொறுப்பில் இருக்கும் ஓலைநாயகம் வேலம்மை வணங்கி விடுக்கும் ஓலை. வெண்குன்றத்தில் மழை அளவோடு பெய்க. துக்கம் காக்கும் வீட்டில் அடுப்பு மறுபடி எரிக. தேவியார் திருவுளம் மெல்ல ஆறுக. இவ்விடம் நலம் என்று அடுத்த வரி எழுதுவது வழக்கம். இம்முறை அவ்வரி எழுதப்படவில்லை. இதனைத் தேவியார் தனித்திருந்து வாசித்தருள வேண்டும்.

மேலே முதலில் ஒலித்தது தளவாய் கூத்தரையரின் குரல். மறுத்தது, தேவியார் மணமாகி இந்நாட்டுக்கு வந்த அன்று அவர் பல்லக்கின் பின்னே நடந்து வந்தவளும், பதினெட்டு ஆண்டுகளாகக் கணிப்பொறி மண்டபத்தின் சாவியை மடியில் முடிந்திருப்பவளுமான வடிவுநாச்சியின் குரல். அவள் வலக்கை இப்போது மேசைக்காலோடு சங்கிலியில் பிணைக்கப்பட்டிருக்கிறது. பிணைத்தவர் தளவாயர். காரணம், தீயரண் எழவில்லை.

மதகுகளைக் கையால் சுழற்றும் உருளைகளைக் கழற்றிக் கோயில் மணிக்கு உருக்கியதும், ஏழையும் கணிப்பொறி ஒன்றே ஏற்றி இறக்கும்படி கரை நெடுகக் கம்பி இழுத்ததும் தேவியார் ஆட்சியில் நடந்த நற்காரியங்கள். அக்கம்பி வழியே மதகுக்காரர் சொல்லும் வரும், அயலார் விரலும் வரக்கூடும். வருவதை எல்லாம் வாசலில் நிறுத்தி, நீ யார், எங்கே போகிறாய் என்று கேட்டு, வேண்டியவரை விட்டு வேண்டாதவரைத் தள்ளுவதே தீயரண். அது படுத்துவிட்டது என்பதை இம்மாதம் ஆறாம் நாள் வரை ஒருவரும் அறியவில்லை. அன்று நண்பகல், மூன்றாம் மதகின்மேல் அமர்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்த மதகுக்காரன் சோலையாண்டி, கலயத்தைப் போட்டுவிட்டு மண்டபத்துக்கு ஓடி வந்தான்.

"நாச்சியம்மா, மதகை ஏன் தூக்கினீங்க? கீழ்மடையூருல ரெண்டு கன்னுக்குட்டி போச்சு!"

"நான் தொடவே இல்லையே சோலை."

"அப்ப யாரு தொட்டா? நான் பாக்கப் பாக்க ஒரு முழம் எந்திரிக்குது, கண்ணுக்குத் தெரியாத ஆளு தூக்குற மாதிரி!"

வடிவுநாச்சி மதகைத் திருப்பி இறக்கினாள். பிறகு தீயரணைத் திறந்து பார்த்தாள். 'நிறுத்தப்பட்டுள்ளது' என்று இருந்தது. இயக்கும் பொத்தானை அழுத்தினாள். அது சாம்பல் நிறமாகிச் சும்மா இருந்தது. கணிப்பொறியை அணைத்து எழுப்பினாள், ஒருமுறை அல்ல, மூன்றுமுறை. தீயரணுக்குக் கீழே நின்று வடிகட்டும் பணியைத் தனியே எழுப்பிப் பார்த்தாள். அது நன்றாகவே ஓடிற்று, மேலே உள்ளது அசையவில்லை. விதிகளை எல்லாம் கழித்து முதலிலிருந்து அமைத்தாள். நச்சு நிரல் ஏதும் புகுந்து கிடக்கிறதோ என்று இரண்டு நாள் சல்லடை போட்டாள், ஒன்றும் சிக்கவில்லை. மூன்றாம் நாள் அவள் உண்ணவில்லை. தன் வீட்டுக் கதவின் தாழ் எது என்று தனக்கே தெரியாமல் போய்விட்டதே என்ற வெட்கம் பசியைவிடப் பெரிதாக இருந்தது.

எட்டாம் நாள் காலை தளவாயர் மண்டபத்துக்கு வந்தார். அவர் நெஞ்சில் இருந்தது ஒரே கணக்கு: இவள் வெண்குன்றத்துக்காரி, வெண்குன்றத்தில் மூத்தவர் போய் அவர் தம்பியார் அரசுகட்டில் ஏறியிருக்கிறார், தேவியார் அங்கே இருக்கும் நேரம் பார்த்து இங்கே வாசல் திறந்து கிடக்கிறது.

"தம்பியாரு எவ்வளவு தர்றேன்னாரு?" என்று அவர் கேட்டபோது, வடிவுநாச்சி முதலில் யாரைப் பற்றிக் கேட்கிறார் என்றே அறியவில்லை. அறிந்ததும் சிரித்துவிட்டாள். அச்சிரிப்பே குற்றச்சான்றாயிற்று. சங்கிலி வந்தது. பன்னிரண்டாம் நாள் பொழுது சாய்வதற்குள் அரண் எழாவிடில், பழஞ்சட்டப்படி அவளைத் துடுப்பில்லா ஓடத்தில் ஏற்றி ஏரிக்குள் தள்ளிவிடுவதென்று அவர் ஆணை சொன்னார்.

இனி எழுதப்போவதைத் தேவியார் பொறுத்தருள வேண்டும்.

கணிப்பொறி விழிக்கும்போது முதலில் தோன்றுவது வெண்குன்றத்தின் வரையாட்டுச் சின்னம் அல்லவா. தேவியார் திருமணத்துக்குத் தந்தையார் தந்த சீர்வரிசையில், 'பொன்னும் பட்டும் எல்லா நாட்டாரும் தருவது, மகள் வீட்டு வாசலுக்கு நான் காவல் தருகிறேன்' என்று அவர் அனுப்பிய காவல்நிரலின் சின்னம் அது. பிறந்த வீட்டுச் சீருக்கு மரியாதை செய்யும் நம் வழக்கப்படி, அது தோன்றும்போது மண்டபத்தில் உள்ளோர் அனைவரும் கைகூப்பிக் கண்மூடுவர். கண் திறக்கையில் சின்னம் மறைந்து வேலைத்திரை வந்திருக்கும். பதினெட்டு ஆண்டும் வடிவுநாச்சி அவ்வாறே செய்தாள், யாவரும் அவ்வாறே செய்தோம்.

நேற்று அவள் ஒரு கை சங்கிலியில் கிடந்தது. கணிப்பொறியை இடக்கையால் எழுப்பினாள், வரையாடு வந்தது, தளவாயரும் காவலரும் கைகூப்பிக் கண்மூடினர், அவளால் கூப்ப முடியவில்லை. கூப்பாத கைக்குக் கண் மட்டும் மூடுவானேன் என்று அவள் திரையையே பார்த்திருந்தாள். ஆட்டின் குளம்புகளுக்குக் கீழே, அவள் இதுவரை ஒரு நாளும் கண்டிராத இரண்டு வரிகள் இருந்தன.

'இவ்வாசல் வெண்குன்றக் காவலின் பொறுப்பில் உள்ளது. ஆதலால் நாட்டுத் தீயரண் விலகி நிற்கிறது.'

'காவற்காலம் முடிவு: ஐப்பசி இருபத்திரண்டு.'

வடிவுநாச்சி அதை வாய்விட்டு வாசித்தாள். ஐப்பசி இருபத்திரண்டு தேவியாரின் மணநாள். ஆண்டுதோறும் அந்நாளில் வெண்குன்றக் கோமான் தாமே அமர்ந்து, தம் விரல்ரேகையை வைத்து, மகள் வீட்டுக் காவலை மறு ஆண்டுக்குப் புதுப்பிப்பார். இவ்வாண்டு அந்நாளில் அவர் பேச்சற்றுப் படுக்கையில் கிடந்தார். ஒரு வாரம் கழித்து இறைவனடி சேர்ந்தார். புதுப்பிக்க ஒருவருக்கும் நினைவில்லை. நினைவிருந்தாலும் அக்காவல் கேட்பது அந்த விரலை, அந்த விரல் சாம்பலாயிற்று.

காவல் செத்துவிட்டது, பெயர்ப்பலகை மட்டும் வாசலில் தொங்குகிறது. நம் தீயரணோ, பெரியவர் நிற்கிற இடத்தில் நாம் முந்தக்கூடாது என்று ஒதுங்கியே நிற்கிறது. இதில் தம்பியாரின் கையும் இல்லை, வடிவுநாச்சியின் கையும் இல்லை. ஐப்பசி இருபத்திரண்டு முதல் நாடு கதவில்லாத வீடாய்க் கிடந்ததற்கு ஒரே காரணம், ஒரு தகப்பனார் நோயில் விழுந்ததே.

"அப்ப அந்தப் பேரை எடுத்துட்டா சரியாயிடும்?" என்றார் தளவாயர்.

"சரியாயிடும். ஆனா..."

"ஆனா என்ன ஆனா? எடு!"

"எடுத்தா அரசுரிமைச் சொல்லு கேக்கும். மணநாள்ல அம்மா தன் கையால வச்ச சொல்லு. சீரை இறக்குறது மக கையாலதான் முடியும்னு அப்படி வச்சாங்க."

"பக்கத்துல நின்னவளுக்குச் சொல்லு தெரியாதாக்கும்?"

"மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன் தளவாயரே. அதுக்குத்தான் என்னையப் பக்கத்துல வச்சிருந்தாங்க."

தளவாயர் விசைப்பலகையைத் தம்பக்கம் இழுத்தார். மூன்று முறைதான் சொல்லலாம், மூன்றும் பிழைத்தால் பூட்டு நிலையாக விழுந்து மதகுகளும் நம் கையை விட்டுப் போகும் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் மறைந்த மன்னரின் பெயரை இட்டார். பிழை என்றது. அடுத்து, சற்றே தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கூத்தரையன் என்று தம் பெயரையே இட்டார். வடிவுநாச்சி அத்தனை துயரிலும், "ஆசையப் பாரு" என்றாள். அதுவும் பிழை என்றது. இன்னும் ஒரே முறை மிச்சம் இருக்கிறது.

அதன் பின் இரவு கழிந்து இன்று காலை, இரண்டாம் மதகும் ஐந்தாம் மதகும் ஒருசேர நடுங்கின. இழுத்துப் பிடித்தாயிற்று. யார் விரல் என்று தெரியவில்லை. தளவாயர் ஒரு பெயர் சொல்கிறார், சான்று இல்லாததால் அப்பெயர் இவ்வோலையில் ஏறவில்லை. கம்பியை அறுத்துவிட்டால் விரல் வராது என்பது அவர் கட்சி. அதுவே இவ்வோலையின் தலையில் கேட்ட பூசல். வடிவுநாச்சி சொல்வது வேறு. ஏரி வெள்ளக்குறிக் கல்லுக்கு நான்கு சாண் கீழே நிற்கிறது, நாளுக்கு ஒரு சாண் ஏறுகிறது. ஒவ்வொரு மதகாக முறைவைத்துத் திறந்தால் கரை தாங்கும். கம்பி அறுந்தால் ஒன்றும் திறவாது, கரை உடையும். கம்பி இருந்து அயலான் ஏழையும் திறந்தால், கீழ்மடையூர் முதலான ஐந்தூரும் மிதக்கும். இரண்டு பேச்சிலும் உண்மை இருப்பதே இங்குள்ளோர் துயரம்.

ஆதலால், தேவியார் விட்டுச்சென்ற இலச்சினையின் பேரால் இன்று இடப்பட்ட ஆணைகள் பின்வருமாறு. கம்பி அறுபடலாகாது. மதகு ஒவ்வொன்றிலும் செம்படவர் நால்வர் நின்று, தானாக எழும் கதவுக்கு ஆப்பு அடித்துச் சங்கூத வேண்டும். சங்கு கேட்டதும் வடிவுநாச்சி அதை இறக்க வேண்டும். ஓடத் தண்டனை தேவியாரின் மறுமொழி வரும்வரை நிறுத்தப்படுகிறது. சங்கிலி இந்நொடியே கழற்றப்படுக. மூன்றாம் மதகில் சோலையாண்டியின் இடத்தில் தளவாயரே நிற்பாராக. இதைக் கேட்டு அவர், "ஆப்படிக்கவா என்னையப் பெத்தா எங்காத்தா?" என்று சினந்தார், பின் கரையை ஒருமுறை பார்த்துவிட்டு, சுத்தியலைத் தாமே எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். அவர் பிழை ஐயம்தான், அச்சமன்று; அதையும் எழுதிவைப்பது முறை.

இவ்வோலை கொண்டு வருபவன் சோலையாண்டி. எழுத்தறியான், கேட்ட சொல்லை மாற்றாமல் கொண்டு சேர்ப்பான். குதிரைக்கு ஒரு பகல் போக, ஒரு பகல் வர. அரசுரிமைச் சொல்லை ஓலையில் பொறிக்காமல், அவன் செவியில் மட்டும் சொல்லி அனுப்பியருள்க. பதினாறாம் நாள் கடன் இன்னும் முடியாத வீட்டில் அமர்ந்திருக்கும் மகளிடம், வாசலில் எஞ்சியிருக்கும் தந்தையின் பெயரை இறக்கித் தா என்று கேட்பது எத்தகையது என்பதை இவ்வோலை அறியாதது அன்று. ஐந்தூரும் அக்கரைக்குக் கீழே அடுப்பெரிக்கின்றன. அறிந்தே கேட்கிறது.

கார்த்திகை ஒன்பது, உச்சிக்குச் சற்று முன், ஏழு கண் இலச்சினை இட்டு, அரக்கு வைத்து, வேலம்மை கையெழுத்து. இவ்வாணையை மாற்றுவோர் ஏரிநீர் குடியாதொழிக. ஏரியும் ஊரும் தேவியார் கொற்றமும் நின்று நிலைபெறுக.

முத்திரைக்குக் கீழே எழுதும் வழக்கமில்லை. அரக்கு ஆறுமுன் வடிவுநாச்சி வந்து, தன் பேச்சாகவே ஒரு வரி வேண்டும் என்று கேட்டு நின்றாள். அவள் சொன்னபடியே இது:

"அம்மா, ஐயா போயிட்டாருன்னு இந்தப் பொறிக்கு இன்னும் தெரியாது, அவரு வாசல்ல நிக்கிறாருன்னு நம்பித்தான் ஒதுங்கியே நிக்குது, யாரு போயி அதுக்கிட்டச் சொல்றது, நீங்களா, நானா?"