அப்பாவின் இழைப்புளி

தம்பிக்கு அக்கா எழுதுவது. பதினெட்டு வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. இப்போதும் எழுத ஆசைப்பட்டு எழுதவில்லை.

பேத்தி என்னைப் பழம்பொருள் கடைக்குக் கூட்டிப்போனாள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் நம் அப்பாவின் இழைப்புளி பளபளவென்று உட்கார்ந்திருந்தது. பிடியின் இடது பக்கம் தேய்ந்திருக்குமே, அது இந்த இடது கைக்காரி தேய்த்தது. தச்சுப் பட்டறையில் அப்பாவோடு பத்து வருஷம் மரம் இழைத்தவள் நான். அவர் போனதும், "பொம்பளைக்கு எதுக்கு இழைப்புளி?" என்று நீ தூக்கிக்கொண்டு போனாய். எனக்கு எதுவும் மறக்காது.

விலை கேட்டேன். என் இரண்டு வளையலும் போய்விடும் போலிருந்தது.

"பழசுக்குத்தான் பாட்டி மவுசு. இந்த இரும்பு இப்ப எங்க கிடைக்குது?" என்றான் கடைக்காரன்.

"இரும்பைத் தெரிஞ்சவன்தான் அலகைத் தலைகீழா மாட்டி வெச்சிருக்கியா?" என்றேன்.

கழற்றிச் சரியாக மாட்டி, அவன் மேசை ஓரத்திலேயே ஓர் இழுப்பு இழைத்துக் காட்டினேன். வெங்காயத் தோல் மாதிரி சுருள் வந்தது. சுருளை விரலில் சுற்றிப் பார்த்தவன் ஒரு வளையல் விலைக்கே கொடுத்துவிட்டான்.

விற்றது யார் என்று கேட்டேன். ஆஸ்பத்திரிச் சீட்டும் கையுமாக வந்த ஒரு பெரியவர் என்றான்.

உடம்புக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. மழைக்காலத்தில் உன் வாசற்கதவு இறுகிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை வந்து இழைத்துத் தருகிறேன். மீதி வளையலையும் எடுத்துவருகிறேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது. நான் வெளியேயிருந்து தள்ளுகிறேன், நீ உள்ளேயிருந்து இழு.

ஒன்றையும் மறக்காத
உன் அக்கா