உடன் வருபவர்

மயூர் விஹார்,
5 அக்டோபர் 2025

அன்புள்ள மாதங்கிக்கு,

இங்கே உடம்பு சௌக்கியம். மனசைப் பற்றி நீ கேட்கமாட்டாய் என்பதால் நானும் எழுதவில்லை.

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது, பேசாமல் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதுங்கள் என்று ஸ்நேஹாதான் சொன்னாள். சனிக்கிழமை குர்கானிலிருந்து வரும்போது தானே வாங்கிக்கொண்டுபோய் உன்னிடம் கொடுப்பதாக ஏற்பாடு. நம் பெண்ணுக்குத் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கவே அரை நாள் ஆகும். அதனால் உறையை ஒட்டாமலே கொடுக்கிறேன்.

ஹோலிக்கு மறுவாரம் கிளம்பிக் கரோல் பாக்குக்குப் போனவள், தீபாவளி வரப்போகிறது, இன்னும் வரவில்லை. பால் பூத்துக்காரர் தினமும் "பாபிஜி கப் ஆயேங்கி?" என்று நீ வரும் நாளைக் கேட்கிறார். பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது. சொசைட்டி செகரெட்டரி வழக்கம்போலக் காது கேட்காதவராக இருக்கிறார். வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று உனக்குத்தான் தெரியும், நீ இல்லையென்று சுவர்களுக்குக்கூடத் தெரிந்துபோயிருக்கிறது.

எழுத வந்த விஷயம் இது. பத்மநாபனின் ஸ்டடி சர்க்கிள் டிசம்பர் முதல் வாரத்தில் மறுபடி கப்பல் ஏற்பாடு செய்திருக்கிறது. மும்பையில் ஏறி, கோவா, லட்சத்தீவு போய்த் திரும்புவது. தலை நரைத்த ஆடிட்டர்களையும் வருடத்துக்கு இத்தனை மணி நேரம் வகுப்பில் உட்காரச் சொல்கிறது இன்ஸ்டிட்யூட். உட்கார்ந்த கணக்குக் காட்டாவிட்டால் தொழில் செய்யும் சான்றிதழுக்கே ஆபத்து. எங்கோ ஒரு பேஸ்மெண்டில் உட்கார்ந்து கொட்டாவி விடுவதற்குக் கடலில் போய் உட்காரலாமே. காலையில் வகுப்பு, மற்ற நேரமெல்லாம் நம்முடையது.

நீயும் வா மாதங்கி. டெல்லிப் புகையிலிருந்து நாலு நாள் தப்பிக்கலாம். கடல் காற்றில் பேசினால் நம் பேச்சு சண்டையில் முடியாதோ என்னவோ.

அன்புடன்,
ஸ்ரீவத்ஸன்


கரோல் பாக்,
12 அக்டோபர் 2025

நமஸ்காரம். மாதங்கி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. தொட்டி ஒழுகுவதைச் சொல்ல ஒரு முழு வாக்கியம், நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்க ஒன்றுமில்லை. பரவாயில்லை, பழகியதுதான். நான் நன்றாக இருக்கிறேன். அறை சின்னது, ஆனால் எந்தப் பொருளை எங்கே வைத்தேனோ அது அங்கேயே இருக்கிறது. கீழ்த்தளத்தில் இருக்கும் ஒரு துணி வியாபாரியின் ஜிஎஸ்டி கணக்கைப் பார்த்துக்கொடுக்கிறேன். "மேடம்ஜி" என்று கூப்பிட்டு, நான் சொல்வதை எழுதிவைத்துக்கொள்கிறார்.

பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறீர்களே. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்து, கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸையும் சர்க்காரிடம் ஒப்படைத்தாயிற்று. எந்தப் பிறந்த வீடு என்று பால் பூத்துக்காரர் கேட்கவில்லையா?

கப்பல் என்றதும் எனக்குப் பழசெல்லாம் வந்துவிட்டது. முதல் தடவை சிங்கப்பூர்க் கப்பலில் இரண்டாம் நாள் காலை என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

"மாது, எனக்குத் தலைய வலிக்கறது. இந்த பேட்ஜை மாட்டிண்டு நீ செத்த உள்ள போய் உக்காந்துக்கோ. வாசல்ல பேட்ஜைத்தான் மிஷின்ல காட்டச் சொல்றா, மூஞ்சிய யார் பாக்கறா?"

அந்தத் தலைவலி மூன்று கப்பல்களுக்கு நீடித்தது. மேல்தளத்தில் ரம்மி ஆடினால் மட்டும் கேட்டது. நான் உங்கள் பெயரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, ராத்திரி உங்களுக்குப் புரியும்படி குறிப்பு எழுதிக் கொடுத்தேன். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த மாதிரி, அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு நீங்கள் ஸ்டடி சர்க்கிளில் பேசினீர்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அது இன்னும் பீரோவில்தான் இருக்கும், பூச்சி உருண்டை போட்டுவையுங்கள்.

அதையெல்லாம் நான் பெரிதுபண்ணவில்லை. சி.ஏ. பரீட்சையில் முதல் தடவையிலேயே பாஸ் செய்தவள் நான். நாலாவது தடவை நீங்கள் எழுதியபோது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவளும் நான். ஸ்நேஹா பிறந்தபோது "ஒரு ஆத்துக்கு எதுக்கு ரெண்டு போர்டு?" என்றீர்கள். என் போர்டைக் கழற்றி, தொழில் சான்றிதழையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, உங்கள் ஆபீஸில் பெயரில்லாமல் வேலை பார்த்தேன். இந்த வருஷம், நேற்று வந்த அர்விந்தைப் பார்ட்னராக எடுத்தீர்கள். என்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னபோது ஒரு பதில் சொன்னீர்கள் பாருங்கள். "சேத்துக்கலாம். ஆனா உன்கிட்ட கிளாஸ் மணிக்கணக்கே இல்லையே மாது."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் பெட்டியைக் கட்டினேன். உங்களுடைய மணிகள் எல்லாம் யார் உட்கார்ந்து சேர்த்தவை?

எழுதிவிட்டேன், கொஞ்சம் பாரம் இறங்கியது. ஒன்று மட்டும் சொல்கிறேன். மூன்று கப்பலில் போயும் நான் பகலில் கடலைப் பார்த்ததில்லை. அந்த ஹாலுக்கு ஜன்னல் கிடையாது. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கக் கடலைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை எனக்கு அப்போதும் இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொன்னால் இப்போதும் இருக்கிறது. கப்பல் எந்தத் தேதி கிளம்புகிறது என்று எழுதுங்கள்.

மாதங்கி

ஸ்நேஹாவிடம் தீபாவளி லேகியம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஒரே நாளில் தின்று தீர்க்கவேண்டாம்.


மயூர் விஹார்,
26 அக்டோபர் 2025

என் அன்புள்ள மாதுவுக்கு,

உன் கடிதத்தின் கடைசிப் பாராவை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். நடுவில் எழுதியதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை. எழுதினால் வாதம் ஆகும், வாதத்தில் நான் உன்னிடம் ஜெயித்ததில்லை. லேகியம் இரண்டே நாளில் தீர்ந்தது, அதற்கும் திட்டு.

கப்பல் டிசம்பர் நான்காம் தேதி மும்பையிலிருந்து கிளம்புகிறது. பால்கனி வைத்த அறையாகப் பார்த்து எடுத்திருக்கிறேன். படுக்கையிலிருந்தே கடல் தெரியும் என்று பத்மநாபன் சத்தியம் பண்ணுகிறான். ரம்மி சீட்டைத் தொடமாட்டேன். நீ சொன்னபடி ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், பேசச் சொன்னால் பேசுகிறேன், சும்மா இரு என்றால் சும்மா இருக்கிறேன். போர்டு விஷயத்தையும் அங்கே நிதானமாகப் பேசலாம். அர்விந்தும் வருகிறான், ஆனால் அவன் நம் பக்கம் வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

நேற்று ஸ்நேஹாவிடம் நீ வருவாய் என்று சொன்னேன். "ரியலி அப்பா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கம் போய் மூக்கை உறிஞ்சினாள். அவளுக்காகவாவது இது நல்லபடியாக நடக்கவேண்டும்.

உன்,
ஸ்ரீவத்ஸன்

பின்குறிப்பு: பதிவை முடித்துவிட்டேன். வழக்கம்போல உன்னை 'உடன் வருபவர்' என்று போட்டிருக்கிறேன். மூக்குக் கண்ணாடியை மறக்காமல் எடுத்துவா. இந்தத் தடவை கொஞ்சம் கெடுபிடி, ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் போனில் பத்துக் கேள்வி வருமாம், பதில் சரியாக இருந்தால்தான் மணி ஏறும். ஓடிபி என் நம்பருக்கு வரும் என்பதால் பேட்ஜோடு என் போனையும் உன்னிடமே கொடுத்துவிடுகிறேன். உனக்கு இதெல்லாம் ஜுஜுபி. போன வருஷமே எனக்கு மணி குறைந்து நோட்டீஸ் வந்துவிட்டது. டிசம்பருக்குள் முடிக்காவிட்டால் சான்றிதழ் போய்விடும்.


கரோல் பாக்,
2 நவம்பர் 2025

நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை பின்குறிப்பு வரைக்கும், இரண்டாம் தடவை பின்குறிப்பிலிருந்து.

சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று அப்பா சொல்வார். ஆனால் ஆடுகிற குடுமியைப் பார்த்து நான்தான் ஏமாந்தேன், அதில் உங்கள் மேல் தப்பில்லை. உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே அஜ்மல் கான் ரோட்டில் போய் ஒரு வெயில் தொப்பி வாங்கிவிட்டேன். இந்த வயதில் தொப்பி. கடைக்காரப் பையா கண்ணாடியைக் காட்டி, நன்றாக இருக்கிறது என்று சொன்னதையும் நம்பினேன். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

நீங்கள் பின்குறிப்பை மறைக்கக்கூட முயலவில்லை. மறைத்திருந்தால், இவருக்கு இது தப்பென்று தெரிந்திருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டிருப்பேன். குடையை எடுத்துவா என்பதுபோலச் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். நான் பெட்டி கட்டிய காரணத்தைப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பிய பிறகும் கேட்கத் தோன்றியிருக்கிறதே.

நான் கப்பலுக்கு வருகிறேன். பத்மநாபனுக்குப் போன் செய்து, உங்களோடு போட்ட பெயரை எடுத்துவிட்டு, என் பெயரில் தனியாகப் பதிந்துகொண்டேன். 'உடன் வருபவர்' என்று அல்ல, வகுப்பில் உட்காருகிற ஆளாக. தொழில் சான்றிதழைத் திரும்ப வாங்க எனக்கும் மணிகள் வேண்டியிருக்கின்றன. நொய்டாவிலிருந்து வரும் ஷ்வேதா என்ற பெண்ணோடு அறை. பால்கனி இல்லை.

தெளிவாக எழுதிவிடுகிறேன், பிறகு தெரியாது என்று சொல்லக்கூடாது. உங்கள் பேட்ஜையோ போனையோ நான் தொடமாட்டேன். நீங்களே உள்ளே போய் உட்காருங்கள். ஹாலில் ஏசி அதிகம், உங்களுக்கு ஜலதோஷம் பிடிக்கும். அந்தப் பொன்னாடையை எடுத்துவாருங்கள், போர்த்திக்கொள்ள ஆகும்.

மாதங்கி


மயூர் விஹார்,
14 டிசம்பர் 2025

மாதங்கிக்கு,

திருப்திதானே?

நீ எழுதியதைக் கோபத்தில் எழுதியதாகத்தான் நினைத்தேன். முப்பது வருஷம் குடித்தனம் செய்தவள், கப்பலில் என் முகத்தைப் பார்த்தால் இளகிவிடுவாள் என்று நம்பினேன். அதனால்தான் முதல் நாள் காலை ஹால் வாசலில் பேட்ஜையும் போனையும் உன்னிடம் நீட்டினேன். நீ வாங்கிக்கொள்ளாவிட்டால் போகிறது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பத்மநாபன், அர்விந்த், ஷ்வேதா எல்லாரும் நிற்கும்போது, "இது உங்களோடது, நீங்களே வெச்சுக்கோங்கோ. உள்ள இடம் நிறைய இருக்கு" என்றாய். குரலைக்கூட உயர்த்தவில்லை. அதனால் இன்னும் நன்றாக எல்லாருக்கும் கேட்டது.

அந்த நாலு நாளும் நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் பேசியது பாதி புரியவில்லை. புரியாததை ராத்திரி யாரிடம் கேட்பேன்? கேள்விகளில் தேறவில்லை, ஒரு வகுப்புக்குக்கூட மணி ஏறவில்லை. அர்விந்த் எல்லாவற்றிலும் தேறிவிட்டு, "பரவாயில்லை சார்" என்று என் தோளைத் தட்டினான். என் ஆபீஸில் நேற்று வந்த பயல். நீ முன்வரிசையில் உட்கார்ந்து பேசுகிறவரிடமே கேள்வி கேட்டாயாம், அவர் உன்னைத் தேடிவந்து டீ குடித்தாராம். இதையும் அவன்தான் சொன்னான்.

ஒரு சாயங்காலம் நீ மேல்தளத்தில் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் பின்னால் கொஞ்ச நேரம் நின்றேன். நீ திரும்பவில்லை. தெரிந்துதான் திரும்பவில்லையா என்று எனக்குத் தெரியாது.

சரி, போகட்டும். நடந்தது நடந்துவிட்டது, நான் உன்னை மன்னிக்கிறேன். பத்மநாபன் யாரிடமோ பேசி எனக்கு ஒரு வழி பண்ணியிருக்கிறான். இருபத்தெட்டாம் தேதி அதே கேள்விகளை மறுபடி ஒரு தடவை எழுதலாம், இதுதான் கடைசி. உன் குறிப்புகளை ஸ்நேஹாவிடம் கொடுத்தனுப்பு. படித்து நானே எழுதுகிறேன், உன்னை எழுதச் சொல்லவில்லை, அதைக் கவனி.

வீட்டுக்கும் வந்துவிடு. உன் சான்றிதழ் வந்ததும் போர்டில் உன் பெயரையும் போடச் சொல்கிறேன். அர்விந்த் பெயருக்குக் கீழே இடம் இருக்கிறது.

ஸ்ரீவத்ஸன்


கரோல் பாக்,
21 டிசம்பர் 2025

ஸ்ரீவத்ஸன் அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட குறிப்புகள் என்னிடம் இல்லை. இந்தத் தடவை நான் எதையும் எழுதவில்லை. பழக்கத்தில் நோட்டைத் திறந்து தேதி போட்டேன். அதற்கப்புறம்தான் இதை யாரிடம் கொடுக்கப்போகிறோம் என்று தோன்றியது. மூடிவைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, பேசுகிறவரின் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். எனக்கே கேட்டுக்கொண்டதால் எழுதிவைக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மன்னித்ததற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. இத்தனை நடந்த பிறகும், மன்னிக்கிறவர் நீங்கள்தான் என்று இருக்கிறீர்கள். அதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்தளத்தில் நீங்கள் வந்து நின்றது எனக்குத் தெரியும். நீங்கள் செருப்பைத் தேய்த்து நடக்கும் சத்தம் எந்தக் கப்பலிலும் எனக்குக் கேட்கும். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. வந்து உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் சும்மா இருந்திருந்தால், நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அன்றைக்கு என் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. ஆனால் நீங்கள் நின்றீர்கள், பிறகு மேஜையில் சீட்டுக் கலைக்கும் சத்தம் கேட்டதும் அந்தப் பக்கம் போனீர்கள். அழுகை வந்தது. தொப்பி பெரிதாக இருந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது.

கடலைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். பெரிதாக ஒன்றுமில்லை, நிறையத் தண்ணீர். இவ்வளவு வருஷம் இதற்கா ஏங்கினேன் என்று சிரிப்பும் வந்தது.

ஸ்நேஹா இந்தத் தடவை என் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் கடிதத்தைப் படித்துச் சொல்லச் சொன்னாள். ஒரு வரி விடாமல் படித்தேன். போர்டு வரி வந்ததும், போதும் என்று கையைக் காட்டினாள். இதுதான் தான் சுமக்கும் கடைசிக் கடிதம் என்கிறாள். இனி அவளிடம் எதுவும் கொடுத்தனுப்பவேண்டாம்.

தொழில் சான்றிதழுக்கு எழுதிப்போட்டுவிட்டேன். கீழே துணி வியாபாரி தன் கடைக்குப் பக்கத்துச் சுவரில் இடம் தருகிறார், பொங்கலுக்கு அடுத்த வாரம் போர்டு மாட்டுகிறேன். ஒரு ஆத்துக்கு எதுக்கு ரெண்டு போர்டு என்று கேட்டீர்களே, இப்போது அந்தக் கேள்வி இல்லை. வீடே இரண்டாகிவிட்டது.

மாதங்கி