மேல் தட்டில் சர்க்கரை

அன்புள்ள பெரியவனுக்கு,

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். உனக்கு இருமல் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் பாதியில் அழுதுவிடுவேன், நீ வேலையைப் போட்டுவிட்டு என்னவோ ஏதோவென்று பதறுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கடலோரத்தில் வீடு எடுத்து எல்லோரும் தங்கியது நம் கைக்கு மீறிய செலவுதான், அதில் பாதியை நாங்கள்தான் போடுவோம் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றதும் உனக்குத் தெரியும். அதை ஈடுகட்ட இரண்டு மாதம் மளிகையைப் பாதியாகக் குறைக்கிறேன் என்று நான் வாயை விட, உன்னால முடியவே முடியாது என்று அவர் சிரித்தார். எனக்கு ரோஷம் வந்து பந்தயமே கட்டிவிட்டேன். கிளம்புவதற்கு முன்பே இருந்த பருப்பு, மாவு எல்லாவற்றையும் சுரண்டிச் சமைத்துத் தீர்த்து, டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வந்தேன். அங்கேயும் ஒரே ஒரு வேளைதான் ஹோட்டல். மற்ற நாளெல்லாம் நானும் உன் தங்கையும் சமைத்ததை, அவள் பிள்ளைகள் தண்ணீரில் ஆடிவிட்டு வந்து பறக்காவெட்டிகளாகத் தின்றதைப் பார்க்கவே வயிறு நிறைந்தது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இந்தத் தடவை நீ வந்ததிலிருந்தே எனக்கு மனசு சரியில்லை. நம் வீட்டிலேயே தண்ணீர் குடிக்க டம்ளர் எங்கே என்று கேட்டாய். ஃப்ரிட்ஜைத் திறக்கலாமாம்மா என்று கேட்டாய். சாப்பிட்டு முடித்துத் தேங்க்ஸ் வேறு! பத்து வருஷம் வெளியே இருந்து பிள்ளை விருந்தாளியாகிவிட்டானே என்று மணலில் உட்கார்ந்து அப்பாவிடம் ஒரே புலம்பல். லீவு முடிந்து நீ எங்களுக்கு இரண்டு நாள் முன்னதாக, வீட்டிலிருக்கும் பெட்டியை எடுக்க இன்னொரு சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பியபோதும், கையில் காசைத் திணித்தால் அப்படியே திருப்பி அனுப்புவேன் என்று உன்னை மிரட்டித்தான் அனுப்பினேன்.

நாங்கள் வீடு திரும்பிய காலையில் பாலும் டீத்தூளும் மட்டும் வாங்கிக்கொண்டு நுழைந்தோம், சர்க்கரைகூட வாங்கவில்லை, அவ்வளவு கெட்டியாக இருந்தேன். பார்த்தால் கவிழ்த்து வைத்த டப்பாவெல்லாம் நிமிர்ந்து நிற்கிறது, தூக்கினால் கனக்கிறது! காசைத் திருப்பி அனுப்பலாம், துவரம்பருப்பை எப்படியடா திருப்பி அனுப்புவது? சந்தோஷத்தில் கண்ணாடிகூடப் போடாமல் அடுப்புப் பக்கத்து டப்பாவிலிருந்து இரண்டு ஸ்பூன் அள்ளி டீ போட்டுக் கொடுத்தேன். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, சிக்கனம்னா சிக்கனம், அதுக்காக டீயில உப்பா போடுவே என்று கேட்டார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. தோள்வலி வந்தபிறகு எல்லாவற்றையும் இடம் மாற்றி, அந்த டப்பாவில் சர்க்கரை வைக்க ஆரம்பித்து நாலைந்து வருஷம் ஆகிறது. நீ இந்த வீட்டிலிருந்தபோதுதான் அது உப்பு டப்பா. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன், அரிசி, பயறு, மிளகு எல்லாமே அப்போது இருந்த இடத்தில். சர்க்கரையை மட்டும் காணோம். அப்பா நாற்காலி போட்டு ஏறினால், மேல் தட்டில் பருப்புக்குப் பின்னால். நீ அள்ளித் தின்கிறாயென்று நான் ஒளித்து வைத்த இடம். திருட்டுப் பயலே, அப்போதே உனக்குத் தெரியுமா? நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அழுகையும் வந்துவிட்டது. மளிகைக்கு நன்றி சொல்லவில்லை ராசா, அதைக் காசு இருக்கிற யாரும் வாங்கலாம். நீ விருந்தாளி இல்லை என்று காட்டினாயே, அதற்குத்தான்.

டப்பாக்களை நான் மாற்றவில்லை, என் கைதான் பழகிக்கொள்ளட்டும். சர்க்கரை எனக்கு எட்டாது, அப்பா முனகிக்கொண்டே எடுத்துத் தருகிறார். பந்தயத்தில் யார் ஜெயித்தது என்று இன்னும் சண்டை ஓயவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், குளிருக்குக் காதை மூடு, ஒரு குறையும் இல்லாமல் நன்றாயிரு. அடுத்த முறை வந்து ஃப்ரிட்ஜைத் திறக்கலாமா என்று கேட்டாயானால், இந்த வயதிலும் உன் காதைத் திருகுவேன்.

உன்
அம்மா